ஜோடியாகப் போர்ச்சுகல் போகிறீர்களா? நகரமும் கடலும் இரண்டும் கிடைக்கும்படி திட்டம் போடுவது எப்படி

இருவர் சேர்ந்து வெளிநாடு போனால் பெரும்பாலும் ஒருவருக்குக் கோட்டை, மியூசியம், டிராம், தெருத்தெருவாக நடை என்று இருக்க வேண்டும், இன்னொருவருக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும். இந்த இரண்டு கட்சிக்கும் ஒத்துவரும் நாடு போர்ச்சுகல். வடக்கே போர்ட்டோ, நடுவில் லிஸ்பன், தெற்கே அல்கார்வ் கரையில் லாகோஸ் என்று கார் எடுக்காமலே ரயிலிலும் பஸ்ஸிலும் இறங்கி வந்துவிடலாம், வழி நெடுக அட்லாண்டிக் ரொம்பத் தள்ளிப் போவதே இல்லை. ஆனால் திட்டம் போடும்போது ஒரு விஷயம் முக்கியம். நகரங்களில் முன்பதிவு இல்லாமல் போனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். கடற்கரையில் முன்கூட்டியே எல்லாவற்றையும் குறித்து வைத்தால் காற்றோ மூடுபனியோ சிவப்புக் கொடியோ வந்து கலைத்துவிடும். ஆகவே நகரத்து நாள்களைத் தேதி, மணி போட்டு எழுதுங்கள், கடல் நாள்களை வெறுமனே விட்டு வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் மாதம். மே, ஜூன், செப்டம்பர் இந்த மூன்றில் ஒன்று. ஆகஸ்டில் போர்ச்சுகீசியர்களுக்கே விடுமுறை, அல்கார்வில் துண்டு விரிக்க இடம் இருக்காது, வாடகையும் உச்சத்தில் நிற்கும். கடலில் இறங்கும் ஆசை இருப்பவர்கள் செப்டம்பரை எடுங்கள், தண்ணீர் கொஞ்சமாவது சூடேறியிருக்கும். கொஞ்சமாவது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கோடையில் வடக்கிலிருந்து விடாமல் ஒரு காற்று அடிக்கும், நொர்டாடா என்பார்கள், அது மேல்மட்டத்து நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துவிடுகிறது. அதனால் வெளியே 30 டிகிரி வெயில் கொளுத்தினாலும் மேற்குக் கரையில் தண்ணீர் 17, 18 டிகிரிதான். தெற்கே அல்கார்வில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். வங்காள விரிகுடா பழக்கத்தில் ஓடிப்போய்க் குதித்தீர்கள் என்றால் மூச்சு அடைத்துப்போகும்.

விசா ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஆளுக்கு 90 யூரோ கட்டணம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், மே, ஜூனில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கணவன் மனைவி என்றாலும் விண்ணப்பம் தனித்தனி. நம்மில் பலருக்கு மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருக்கும், கணவர் பெயர் எங்கேயும் இருக்காது, அப்படியிருந்தால் திருமணச் சான்றிதழ் நகலைக் கட்டாயம் சேருங்கள். ஒருவர் வருமானத்தில்தான் இருவரும் போகிறீர்கள் என்றால் அதையும் ஒரு கடிதமாக எழுதி வையுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களையே போடுங்கள்.

எந்த வரிசையில் போவது

போர்ட்டோவில் இறங்கி லிஸ்பனிலிருந்து திரும்புகிற மாதிரி விமான டிக்கெட் கிடைத்தால் அதுதான் நல்லது, போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். இரண்டு வாரம் இருந்தால் போர்ட்டோவில் மூன்று இரவு, ராட்சத அலைகளுக்குப் பேர்போன கடலோர ஊரான நாசரேயில் ஒன்று, லிஸ்பனில் நான்கு, லாகோஸில் நான்கைந்து, கடைசியில் மறுபடி லிஸ்பனில் ஓர் இரவு. பத்தே நாள்தான் என்றால் நாசரேயை வெட்டுங்கள், லாகோஸை வெட்டாதீர்கள். வடக்கிலிருந்து தெற்காகப் போகச் சொல்வது ஏனென்றால், போர்ட்டோவும் லிஸ்பனும் ஏறி இறங்கிக் கால் கெஞ்ச வைக்கும் ஊர்கள், அந்த அலுப்போடு கடைசியில் கடற்கரையில் போய் விழுவது சுகம். தலைகீழாகச் செய்தால் ஓய்வெடுத்துப் பழகின உடம்பை மறுபடி மேட்டில் ஏற்ற வேண்டும்.

ரயில்தான் முதுகெலும்பு. ஆல்ஃபா பெண்டுலார் என்ற வேக ரயில் லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம் எடுக்கும், அதற்கு அடுத்தது இன்டர்சிடாடெஸ், கொஞ்சம் மெதுவு, கொஞ்சம் மலிவு. முன்கூட்டி வாங்கினால் நல்ல தள்ளுபடி கிடைக்கும், அதனால் இவை இரண்டும் தேதி போட்டு எழுதும் பட்டியலில் வருகின்றன. 65 வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம், ஓய்வுபெற்ற பிறகு போகும் தம்பதிகள் இதை விடாதீர்கள், பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். போர்ட்டோவில் வேக ரயில் நிற்பது காம்பாஞ்யா நிலையத்தில், அங்கிருந்து அதே டிக்கெட்டில் சின்ன ரயில் பிடித்து நகர நடுவில் இருக்கும் சாவ் பென்டு நிலையத்துக்கு வந்துவிடலாம். இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். அந்த நிலையத்தின் முன்கூடம் முழுக்கச் சுமார் 20,000 நீல வெள்ளை ஓடுகளில் போர்களும் கல்யாண ஊர்வலமும் வரைந்திருக்கிறது, பயண வழியிலேயே ஒரு மியூசியம்.

போர்ட்டோவில் எல்லாரும் போகும் இடம் டோரு ஆற்றங்கரையான ரிபெய்ரா. அங்கே தலைக்கு மேலே நிற்கும் முதலாம் தோம் லூயிஸ் இரும்புப் பாலம் 1886இல் திறந்தது, இரண்டு அடுக்கு, மேல் அடுக்கில் மெட்ரோவும் மனிதர்களும் மட்டும். சாயங்காலம் மேல் அடுக்கு வழியாக நடந்து எதிர்க்கரையான வில நோவ த கையாவுக்குப் போனால் அங்கே ஒரு சின்னப் பூங்கா, ஜார்தின் தொ மோரு, புல்லில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்கக் காசு கிடையாது. மெட்ரோ பின்னால் வந்தால் மணி அடிக்கும், போட்டோ எடுக்கும் ஆர்வத்தில் தண்டவாளத்தில் நிற்காதீர்கள். ஒரு மதியம் மெட்ரோ ஏறி மத்தோசின்யோஷ் போங்கள். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் உணவகங்கள் வாசலிலேயே கரி அடுப்பு போட்டு மீன் சுடுகிறார்கள். கல் உப்பு தூவிய மத்தி, தோல் கருகி வெடித்து, கொழுப்பு கரியில் சொட்டிச் சொட்டிப் புகையும், மசாலா ஒன்றும் கிடையாது, அவித்த உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும்தான் துணை. நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்று இருக்கும், பிரி பிரி என்று கேளுங்கள், மிளகாய்ச் சாறு பாட்டில் வந்துவிடும்.

இன்னொரு நாள் கிடைத்தால் டோரு பள்ளத்தாக்கு ரயில். போர்ட்டோவிலிருந்து பிஞ்ஞாவ் வரை, போகும்போது வலது பக்க ஜன்னல். பாதித் தூரத்துக்குப் பிறகு ஆறு தண்டவாளத்தை ஒட்டியே வரும்.

நாசரேயை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். அந்த ராட்சத அலைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான், அதுவும் எல்லா நாளும் வராது. கரைக்கு நேரே கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது, தூரத்துப் புயல் கிளப்பும் அலை அதன் வழியே வேகம் குறையாமல் வந்து, பிரையா தொ நோர்த்தி என்ற இடத்தில் திடீரென்று எழும்பிவிடும். 2020 அக்டோபரில் ஒருவர் சறுக்கிய அலை 26.21 மீட்டர் உயரம், அது உலக சாதனை. கோடையில் போனால் இதெல்லாம் இல்லை, அமைதியான மீனவ ஊர், பெண்கள் கடற்கரையில் வலை போட்ட சட்டங்களில் மீன் காய வைத்திருப்பார்கள். கருவாட்டு வாசனைக்கு ஏங்கிப்போய் இருந்தால் இதுவே உங்கள் ஊர். லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

லிஸ்பன்: செருப்பு, அட்டை, சின்ட்ரா

லிஸ்பனுக்கு முதல் தேவை நல்ல பிடிப்புள்ள ஷூ. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள், வருடக்கணக்காகக் கால் பட்டு வழவழவென்று தேய்ந்தவை, தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டிய மாதிரி. மேட்டில் தங்கினால் சக்கரப் பெட்டியை அந்தக் கல்லில் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏற வேண்டும், ஆகவே வீடு பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தில் மெட்ரோ நிலையத்திலிருந்து எத்தனை படிக்கட்டு என்று பாருங்கள். மேட்டிலிருக்கும் பழைய பகுதியான அல்ஃபாமாவில் சந்துக்குள் வீடு அழகுதான், பெட்டியைத் தூக்கப் போவது யார் என்று இருவரும் முதலில் பேசி முடித்துவிடுங்கள். தங்கும் வரியாக ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ தனியாகக் கேட்பார்கள், போர்ட்டோவில் 3. ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம், சட்டப்படி உள்ளதுதான்.

மெட்ரோ, டிராம், பஸ், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் நவெகாந்தி என்ற அட்டை. ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இரண்டு தடவை தட்டி இருவர் போக முடியாது. 28ஆம் எண் டிராமில் ஏற ஆசைப்பட்டால் மர்த்திம் மொனிஸ் தொடக்க நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு முன் நில்லுங்கள், பதினோரு மணிக்கு அது வெறும் நெரிசலும் பிக்பாக்கெட்டும்தான். பை முன்பக்கம், போன் உள்பாக்கெட்டில். என்னைக் கேட்டால் டிராமில் ஒரு தடவை போனது போதும், அதே வழியை நடந்து பார்ப்பதுதான் ருசி.

சின்ட்ரா லிஸ்பனுக்கு வெளியே மலையில் அரண்மனைகள் இருக்கும் ஊர், அங்கே போக ரோஸியு நிலையத்திலிருந்து முக்கால் மணிக்குள் ரயில். பெனா அரண்மனைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட், அந்த நேரம் வாசலுக்கு வரும் நேரம் இல்லை, அரண்மனைக் கதவுக்கு வரும் நேரம், தோட்ட வாசலிலிருந்து மேலே ஏறவே அரை மணி பிடிக்கும். காலை முதல் நேரத்தை எடுங்கள். லிஸ்பனின் ஆற்றங்கரைப் பகுதியான பெலேமில் ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கின அதே ஆள், 1524இல் கொச்சியில் செத்து அங்கேயே முதலில் புதைத்து, பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நாலு எட்டில் 1837 முதல் நடக்கும் பேஸ்ட்ரி கடை. வெளி வரிசை பார்சலுக்கு, உள்ளே நிறைய மேஜைகள் உண்டு, நேரே உள்ளே போய் உட்காருங்கள். அங்கே பேர்போனது கஸ்டர்ட் வைத்த சின்ன பேஸ்ட்ரி, பட்டை தூளும் சர்க்கரையும் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். முட்டை சேர்ந்தது, சைவர்கள் கவனிக்க.

சைவம் என்றால் இன்னும் கொஞ்சம் உஷார். கால்து வெர்தி என்ற கீரை சூப்பில் பன்றி இறைச்சி சாசேஜ் ஒரு துண்டு மிதக்கும். ‘செம் கார்னி, செம் பெய்ஷி’ என்றால் இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று அர்த்தம், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள், இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் வரும், வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பணம் எடுக்க மல்டிபாங்கோ என்று எழுதிய இயந்திரம் மட்டும், திரையில் ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம், யூரோவில் என்று அழுத்துங்கள்.

லிஸ்பனில் ஒரு அரை நாளாவது இருவரும் தனித்தனியாகப் போங்கள். ஒருவர் சுவர் ஓடுகளுக்கான மியூசியத்துக்குப் போகட்டும், மற்றவர் காய்ஸ் தொ சொத்ரேயில் ரயிலேறி காஷ்காய்ஷ் கடற்கரைக்கு, சுமார் 40 நிமிடம். இரவு ஃபாடோ என்ற போர்ச்சுகீசியச் சோகப் பாட்டு கேட்கும் இடத்தில் சந்தியுங்கள். பாடத் தொடங்கினால் விளக்கைக் குறைத்துவிடுவார்கள், அப்போது பேசக் கூடாது, பக்கத்து மேஜைக்காரரே திரும்பி முறைப்பார்.

லாகோஸில் தேதி வேண்டாம்

லிஸ்பனிலிருந்து தெற்கே போகும் ரயிலில் டூனெஸ் என்ற நிலையத்தில் மாறினால் லாகோஸ், அதுதான் தண்டவாளத்தின் முடிவு. நேரடி பஸ்ஸும் உண்டு. இங்கேதான் நாள்களை வெறுமனே விட வேண்டும். காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வடக்குக் காற்று என்றால் தோனா ஆனா, காமிலோ கடற்கரைகள் மறைவாக இருக்கும். காமிலோவுக்கு இறங்கச் சுமார் 200 மரப்படி, முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று பார்க்கலாம், காட்சி அங்கேதான். பொந்தா த பியெதாதி முனையில் மஞ்சள் பாறைகள் கடலுக்குள் வளைவும் தூணுமாக நிற்கின்றன, காலையில் அலை அடங்கியிருந்தால் சின்னப் படகில் அந்தப் பாறை இடுக்குகளுக்குள் போய் வரலாம்.

பெனாஜில் என்ற கடல் குகையைப் படத்தில் பார்த்து எல்லாரும் கேட்பது. 2024 முதல் உள்ளே நீந்திப் போகவும் கூடாது, மணலில் இறங்கவும் கூடாது, படகிலோ வழிகாட்டியோடு கயாக்கிலோ போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அலை இருந்தால் அதுவும் ரத்து, அதனால் முதல் நாளே போட்டுவிடுங்கள், ரத்தானால் அடுத்த நாள் கையில் இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது மேலே பாறை விளிம்பை ஒட்டிய ஏழு தொங்கும் பள்ளத்தாக்குப் பாதை, மரின்யா கடற்கரையில் தொடங்கி ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நிழலே இல்லை, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

பாறையடி நிழலில் மட்டும் துண்டு விரிக்காதீர்கள். 2009இல் அல்புஃபெய்ரா பக்கம் மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் செத்தார்கள். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை. கொடியில் பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் தண்ணீருக்கே போகக் கூடாது. நீல வெள்ளைக் கட்டம் என்றால் காவலர் அப்போது அங்கே இல்லை.

ஒரு சாயங்காலத்தை சாக்ரெஸ் தாண்டி சாவ் விசென்தி முனைக்கு வையுங்கள், ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்மேற்கு மூலை. ஜூலையில் போனாலும் ஸ்வெட்டர் எடுங்கள், காற்று ஆளைத் தள்ளும். சூரியன் மறைந்த பிறகு திரும்பப் பஸ் இருக்கிறதா என்று அன்று காலையே பார்த்துவிட்டுப் போங்கள், இந்த ஒரு நாளுக்கு மட்டும் வண்டி வாடகைக்கு எடுப்பதும் நியாயம்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வந்திருக்க வேண்டும்.

விமானத்துக்கு முந்தைய இரவே லிஸ்பன் வந்துவிடுங்கள். ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ‘கிரேவி’ என்று நிலையத்தில் ஒட்டியிருந்தால் அதுதான், அன்றைக்கு பஸ் டிக்கெட்டுகள் மதியத்துக்குள் தீர்ந்துபோகும்.