பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்ப்பது எப்படி

பூநாரை (ஃபிளமிங்கோ) எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. சேற்று நீரில் அலகைத் தலைகீழாக விட்டு அரித்துத் தின்னும் பறவை அது. கால் எட்டாத ஆழத்தில் இரை தேடுவது அதற்குச் சிரமம். ஆகவே முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள், பிறகு கரையை.

ஏறக்குறைய 60 கி.மீ. நீளமுள்ள இந்த உப்பங்கழியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நீரால் ஏரி நிரம்பும். மழை வலுத்த ஆண்டில் டிசம்பரில் போனால் கூட்டம் சிதறியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீர் வற்ற வற்ற, ஆழம் குறைந்த இடங்களில் பறவைகள் திரளும். கோடையில் வடபகுதி பெருமளவு காய்ந்துவிடும்.

பூநாரைக்கு ஏற்ற இடம் ஆந்திரத்தின் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை. சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டைக்குப் புறநகர் ரயில் உண்டு. சாலை ஏரியைக் கிழக்கு மேற்காக வெட்டிச் செல்கிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபுறப் பறவைகள் மீது வெளிச்சம் நன்றாக விழும். தென்புறம் பார்த்தால் கருநிழல்தான், நிறம் தெரியாது. விடிந்ததும் அங்கே இருங்கள். வெயில் ஏறினால் கானல் அலையில் தொலைவில் நிற்கும் பறவையின் உருவம் நெளியும். விலை உயர்ந்த தொலைநோக்கியும் அப்போது உதவாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 இருகண்ணோக்கி போதும், முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி இருந்தால் நல்லது. ராக்கெட் ஏவும் நாளில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும். தேதியை முன்பே பாருங்கள். விண்வெளி மையத்தின் வாயிலருகே கேமராவை எடுக்காதீர்கள்.

அடையாளம் காண அலகைப் பாருங்கள். பெரிய பூநாரைக்கு இளஞ்சிவப்பு அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரையின் அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, இளம் பறவைகள். எண்ணும்போது பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தைப் பகுத்து எண்ணுங்கள்.

நெருங்கும் ஆசையில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இன்னும் போனால் பறந்துவிடும். ஏரிக்குள் இறங்கவே வேண்டாம். மேலே உப்புப் பூத்துக் கெட்டியாகத் தெரியும் தரைக்கடியில் சேறு இருக்கும், கால் புதையும்.

தமிழ்நாட்டுக் கரைக்குப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஊருக்குப் போகலாம். அங்கே முகத்துவாரத்தருகே வற்றத்தின்போது தெரியும் சேற்றுத் திட்டுகளில் உள்ளான், ஆலா போன்ற நீர்ப்பறவைகள் கூடும். மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் அந்த ஏற்றவற்றமும் நின்றுபோகும். இங்கே 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில் ஏற்றிச் செல்வதாக யார் அழைத்தாலும் ஏறாதீர்கள்.

மீதி நேரமிருந்தால் சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். அங்கே கூழைக்கடாக்கள் (பெலிகன்) மரத்தில் கூடு கட்டி, இரைக்கு இதே ஏரிக்கு வந்து போகின்றன.