எந்தக் குட்டியை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

பட்டியில் 9 செம்மறிக் குட்டிகள். கிடாய்க் குட்டிகள் 4-ஐயும் விற்பதில் குழப்பமில்லை. பெட்டைகளில் எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்பதில்தான் நான்கு நாள் வீணானது.

முதலில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம் தொங்கு தராசில் நிறுத்தால், காலையில் ஒரு வரிசை, மாலையில் வேறு வரிசை. மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த வயிறுதான் காரணம். சரி என்று காலையில் தீனிக்கு முன் நிறுத்தேன். அப்போதும் மனம் ஒப்பவில்லை.

பிறந்த தேதி எழுதியிருந்த பழைய நோட்டைப் புரட்டியதும் முடிச்சு அவிழ்ந்தது. 18 கிலோ குட்டி ஒற்றையாக, 3 கிலோவில் பிறந்தது; வயது 100 நாள். 14 கிலோ குட்டி இரட்டையில் ஒன்று, 2 கிலோவில் பிறந்தது. வயது 80 நாள். கணக்குப் போட்டால் இரண்டுமே நாளுக்கு 150 கிராம்! சின்னதோ பாதிப் பாலில் வளர்ந்தது. அதன் தாய் இரண்டு குட்டிகளைத் தேற்றியிருக்கிறது.

அந்த இரட்டைப் பெட்டைகள் இரண்டையும் வைத்துக்கொண்டேன், பெரியதை விற்றுவிட்டேன். இவை பருவத்துக்கு வருமுன் கிடாயை மாற்ற வேண்டும், அது இவற்றின் தகப்பன்.