காட்டுக்குள்ள மிஷனரி வீடு கட்டப் போறீங்களா?
காட்டு கிராமத்துல ஊழியம் பண்ற குடும்பத்துக்கு வீடு கட்டப் போறவங்க தூணையும் கூரையையும் முதல்ல கவனிங்க. தரையை 3 அடியாவது தூக்கிக் கட்டி, ஒவ்வொரு மரத்தூண் தலைலயும் தகரத்தைத் தொப்பி மாதிரி மாட்டி ஓரத்தைக் கீழ்ப்பக்கமா சாய்ச்சு மடக்கிடுங்க, கரையான் அதைச் சுத்தி வெளிய மண்பாதை போட்டுத்தான் ஏறணும், அப்போ கண்ணுல பட்டுடும், தட்டி விட்டுடலாம். குடிதண்ணிக்கு கூரை போதும்ங்க, 50 சதுர மீட்டர் தகரக்கூரைல 20 மில்லிமீட்டர் மழை விழுந்தா கிட்டத்தட்ட 1000 லிட்டர்! முதல்ல வர்ற தண்ணில இலை, எலிப்புழுக்கை எல்லாம் வரும், அதை வெளிய விட்டுட்டு டேங்க்ல புடிங்க, கொதிக்க வச்சுதான் குடிக்கணும். டேங்க் வாய்க்கு கொசுவலை கட்டாயம். இடம் மட்டும் அந்த ஊர் பெரியவங்ககிட்ட கேட்டே முடிவு பண்ணுங்க, வெள்ளம் எதுவரைக்கும் ஏறும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.