திடீர்க் காற்று: புது ஸ்ராங்குக்கு (விசைப்படகை ஓட்டும் தலைவருக்கு) ஒரு செய்முறை

ஜூன் 14-ம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டுப் படகுகள் கடலுக்குக் கிளம்பும். சென்னையில் சாயங்கால இடிமழைக்கும் அதுதான் பருவம். இந்த மழை பெரும்பாலும் மேற்கே தரையில் திரண்டு, கிழக்கே நகர்ந்து கடலுக்குள் இறங்கும். புது ஆட்கள் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று முதுகுப்பக்கமாக வந்து அடிக்கும்.

1. கிளம்பும் முன்

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் அலை உயரத்தையும் பாருங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறவில்லையே என்று நம்பிப் போகாதீர்கள். 1, 2 எண் கூண்டுகள் தூரத்தில் இருக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் புயலுக்கும் உரியவை. ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் சாயங்காலக் காற்றுக்கு யாரும் கூண்டு ஏற்றப்போவதில்லை.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடப்பதெல்லாம் கணக்கில் வராது.

2. மதியத்துக்கு மேல் மேற்கே ஒரு கண்

எண்ணூருக்கு நேரே தொழில் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வானம் தெளிவாக இருந்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். மதியம் கடல்காற்று வீசும்போது புகை தரைப்பக்கம் சாயும். அதற்குப் பின்னால் காலிஃப்ளவர் மாதிரி பொங்கி எழும் மேகம், உச்சி தட்டையாகிப் பரவத் தொடங்கினால் அது இடிமேகம். அப்புறம் கடல்காற்று சட்டென்று நிற்கும். புகை நேராக எழும்பும். புகை கடல்பக்கம் திரும்பினால் மேகத்திலிருந்து குளிர்காற்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

3. கணக்குப் போடுங்கள்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் வரும். 30 நொடி என்றால் 10 கி.மீ. மேகம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்தால் உங்கள் கையில் இருப்பது கால் மணி நேரம். 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் போகும் விசைப்படகு அதற்குள் 4 கி.மீ.கூட நகராது. அதோடு துறைமுகம் இருப்பதும் மேற்கேதான். கரைக்கு ஓடுவதும் மேகத்துக்குள் ஓடுவதும் ஒன்று.

அதனால் இடிச்சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேகத்தின் உச்சி தட்டையானதுமே வலையை ஏற்றச் சொல்லுங்கள். டீசல் காசுகூடத் தேறலையே என்று ஓனர் கத்துவார், ஆட்களும் பங்கு குறையும் என்று முனகுவார்கள். கத்தட்டும். படகில் ஏறிய பிறகு முடிவு ஸ்ராங்குடையது. இன்னொரு இழுப்பு என்று இழுத்து ஏதாவது ஆனால், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

4. காற்று வரும்போது

மீன் அறை மூடியை இறுக்கிப் பூட்டுங்கள். தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை வலையும் கயிறும் அடைத்திருக்கும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். எல்லாரும் ஜாக்கெட் போடட்டும். கம்பம், வலை இழுக்கும் வின்ச், இரும்புக் கயிறு பக்கம் யாரும் நிற்கக் கூடாது. என்ஜினை மெதுவாக ஓட்டி அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு நேரே பிடியுங்கள். படகின் பக்கவாட்டை மட்டும் காற்றுக்குக் காட்டாதீர்கள். துறைமுகத்துக்காக வெளியே காத்துக் கிடக்கும் கப்பல்களை விட்டு விலகி நில்லுங்கள். நங்கூரம் இழுபட்டால் அவையே நம் மேல் வரும். அலை உடையும்போது துறைமுக வாயில் நுழையவும் முயலாதீர்கள்.

5. அடங்கியதும்

ஆட்களை எண்ணுங்கள், அடித்தண்ணீரை இறையுங்கள். மேற்குக் காற்று படகைக் கிழக்கே தள்ளியிருக்கும். ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பாருங்கள். விஎச்எஃப் ரேடியோவின் 16-ம் சேனலில் பக்கத்துப் படகுகளைக் கூப்பிடுங்கள். யாராவது பதில் தரவில்லை என்றால் அதே 16-ல் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் 1554.