சொலேராப் பலகையில் ஸ்பானிஷ் கிட்டார்: குமரி மாவட்டத் தச்சர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிட்டார் செய்யக் கற்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் மேற்பலகையைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன மரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், உள்ளே எத்தனை சட்டம்? ஸ்பெயினின் பழைய பட்டறைகளில் ஒரு பையன் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு வரவே சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை அவன் உளி தீட்டுவான், பசை காய்ச்சுவான், சின்னச் சின்ன மரக்கட்டைகளை நூற்றுக்கணக்கில் சீவுவான். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இங்கேயும் அதே வரிசையில் கற்பதுதான் நல்லது.

இன்று நாம் 'கிளாசிக்கல்' என்று சொல்லும் கிட்டாருக்கு வடிவம் கொடுத்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) அல்மேரியாக்காரர். 12 வயதில் தச்சுவேலைக்குச் சேர்ந்தவர், கிட்டாருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மத்ரித்தில் ஹொசே ராமிரேஸும் 12 வயதில் பிரான்சிஸ்கோ கொன்சாலெஸின் பட்டறையில் சேர்ந்தார். அவர் தம்பி மனுவேலுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். மனுவேலின் பட்டறையிலிருந்து சாந்தோஸ் எர்னாந்தெஸ், தோமிங்கோ எஸ்தேசோ போன்றவர்கள் வந்தார்கள். பட்டறையில் மூன்று படிகள்: அப்ரெந்திஸ், ஒஃபிசியால், மாஎஸ்த்ரோ. நம்மூரில் எடுபிடிப் பையன், கைவேலைக்காரர், மூத்த ஆசாரி என்று சொல்வது போலத்தான். கிட்டாருக்குள் ஒட்டும் சீட்டில் மாஎஸ்த்ரோவின் பெயர் இருக்கும். வேலையில் பெரும்பங்கு ஒஃபிசியால் செய்ததாகவும் இருக்கும். முதல் ஹொசேயின் பேரனான மூன்றாம் ஹொசே ராமிரேஸ் காலத்தில் ஒஃபிசியால்கள் தாங்கள் செய்த கிட்டாரில் தங்கள் முதலெழுத்தை முத்திரையாகக் குத்தினார்கள்.

இந்த முறைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வெளி அச்சு இல்லாமல், 'சொலேரா' என்ற ஒரே பலகைமேல் கிட்டாரைக் குப்புறக் கிடத்திக் கட்டுவார்கள். இழைப்புளியும் உளியும் கையில் பழகிய தச்சருக்கு இது தூரத்து வேலையல்ல.

முதல் மாதம்: உளி, வச்சிரம், பியோனெஸ்

உளியை 25 பாகையில் சாணை பிடித்து, முனையை 30 பாகையில் 1000, பிறகு 6000 நம்பர் நீர்க்கல்லில் தீட்டுங்கள். சோதனைக்குத் தேக்கு உதவாது. மெத்தென்ற பைன் துண்டின் முனையிழையில் குறுக்கே சீவுங்கள். வெட்டுப்பட்ட இடம் மெழுகு தேய்த்ததுபோல் பளபளத்தால் உளி தயார். வெள்ளையாக, பொடிந்து நின்றால் உளி வெட்டவில்லை, நசுக்கியிருக்கிறது. கிட்டாரின் மேற்பலகைக்குப் போடும் ஸ்புரூஸ் என்ற மென்மரத்திலும் அந்த உளி அதையேதான் செய்யும்.

பசைக்கு வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை. செதில் ஒரு பங்கு, குளிர்ந்த தண்ணீர் இரண்டு பங்கு என்று எடைபோட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் பிடிமானம் போய்விடும். தூரிகையைத் தூக்கினால் நூல் அறாமல் ஒழுக வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது. நம் ஈரக் காற்றில் ஊறிய வச்சிரம் சீக்கிரம் நாறிவிடும், அதனால் அன்றன்றைக்குத் தேவையான அளவே ஊறப்போடுங்கள். ஒட்டும் மரத்தையும் லேசாகச் சூடு காட்டுங்கள். பூசி அரை நிமிடத்துக்குள் பொருத்த வேண்டும். பொருத்துவதற்குள் மேலே ஆடை படர்ந்துவிட்டால் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். அந்த ஆடையோடு ஒட்டியது பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், கம்பி ஏற்றிய சில மாதங்களில் பிளந்து வரும்.

பியோனெஸ் என்பவை மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் உள்ளே ஒட்டும் சின்ன முக்கோணக் கட்டைகள். ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு, ஒரு கிட்டாருக்கு நூறுக்கு மேல் வேண்டும். இரண்டு முகமும் சரியாகச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். வச்சிரத்தில் தோய்த்து, மூலையில் வைத்து, பெருவிரலால் அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடித்தால் அது மரத்தைக் கவ்வுவது விரலில் தெரியும். இங்கே கிளாம்ப் வைக்க இடமில்லை. குளிர்ந்ததும் பிடிக்கும் பசை வச்சிரம் என்பதால்தான் இந்த வேலை நடக்கிறது. வெள்ளைப் பசையால் செய்துபாருங்கள், நூறு கட்டையும் நழுவும். பையன்களுக்கு இந்த வேலையைக் கொடுத்ததன் பொருள் இங்கேதான் இருக்கிறது: செங்கோணம், பசையின் சூடு, விரலின் அழுத்தம் மூன்றும் ஒரே வேலையில் கையில் ஏறிவிடும்.

மரம்

மேற்பலகைக்கு ஐரோப்பிய ஸ்புரூஸோ வெஸ்டர்ன் ரெட் சீடரோ வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். இங்கே மாற்று இல்லை. பக்கத்துக்கும் முதுகுக்கும் ஈட்டி. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது ஸ்பெயின் பட்டறைகளே நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிக்கு மாறின. அது இன்றும் முதல்தர மரம். ஆனால் ஈட்டியைக் காக்க 1994-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்தது. ரசீதும் வனத்துறை அனுமதியும் இல்லாத தடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பழைய வீட்டுக் கட்டிலோ அலமாரியோ பிரித்த ஈட்டி பல பருவங்கள் பார்த்த மரம், அது கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் இரண்டு கிட்டாருக்கு ஈட்டி வேண்டாம். பலா போதும். வீணைக் குடத்துக்கு ஆகிற மரம் இதற்கும் ஆகும், வளைக்கும்போதும் பொறுமையாக இருக்கும். கழுத்துக்கு ஸ்பெயினில் செத்ரெலா என்ற சீடர் போடுவார்கள். அதற்கு நெருங்கிய உறவு நம் சந்தன வேம்பு. கிடைக்காவிட்டால் முறுக்கில்லாத மகாகனி. விரற்பலகைக்குக் கருங்காலி, 6 மில்லிமீட்டர். குலசேகரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் தடியை எடுத்துவிட வேண்டாம். வண்டு துளைக்கும், கழுத்து கம்பியின் இழுப்பில் வளையும். ஈட்டி இழைக்கும்போது முகமூடி கட்டாயம். அதன் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.

ஈரம்: இங்கே கிட்டார் உடைவது இதனால்தான்

ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அந்த நாளில் மரத்தின் உள்ளீரம் 15, 16 விழுக்காடு வரை ஏறும். அப்படியே குறுக்குச் சட்டம் ஒட்டிக் கிட்டாரை முடித்து, ஏசி போட்ட ஒலிப்பதிவு அறைக்கு அனுப்பினால் உள்ளீரம் 8-க்கு இறங்கும். 370 மில்லிமீட்டர் அகல மேற்பலகை குறுக்குவாக்கில் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். குறுக்குச் சட்டம் நீளவாக்கில் சுருங்காது, பலகையையும் சுருங்க விடாது. பலகைக்கு வேறு வழியில்லை, வெடிக்கும்.

ஆகவே சட்டம் ஒட்டும் நாளிலும் முதுகை மூடும் நாளிலும் பட்டறையில் 45 முதல் 50 விழுக்காடு இருக்க வேண்டும். அறை முழுவதையும் உலர்த்த முடியாவிட்டால் ஒரு பிளைவுட் அலமாரிக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு, மேலும் கீழும் இரண்டு விரல் துளை விட்டு, பலகைகளை அதில் ஒரு வாரம் வையுங்கள். தினம் எடை போடுங்கள், மூன்று நாள் எடை மாறாவிட்டால் மரம் தயார். ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பட்டறைக்குக் கோடையில் இந்தச் சிரமம் குறைவு. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் வருடம் முழுக்க அலமாரி வேண்டும்.

ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு போட்டு, கரையாமல் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே 75 விழுக்காடுதான் நிற்கும். மானி 81 காட்டினால் இனி அது காட்டுவதில் 6 கழித்துக்கொள்ளுங்கள்.

வளைத்தல்

பக்கப்பலகையை 2 மில்லிமீட்டருக்கு இறக்குங்கள். சுமார் இரண்டரை அங்குல விட்டமுள்ள கறுப்பு இரும்புக் குழாயையோ செம்புக் குழாயையோ சூடாக்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டாம், சூட்டில் நச்சுப்புகை வரும். பழைய ஸ்பானியப் பட்டறையில் கரிதான் எரித்தார்கள். நம் சிரட்டைக் கரி நன்றாகச் சூடு நிற்கும், ஆனால் திறந்த வெளியில் மட்டும். தெளித்த தண்ணீர்த் துளி குழாய்மேல் உருண்டு ஓடினால் சூடு போதும்.

முதலில் இடுப்பு வளைவு. ஈரத்துணியால் துடைத்த பலகையைக் குழாய்மேல் வைத்து லேசாக அசைத்துக்கொண்டே இருங்கள், அழுத்தாதீர்கள். சற்று நேரத்தில் மரம் தானாக இளகிக் கைக்கு வரும். அந்த நொடிக்கு முன்னால் அழுத்தியவர்களின் பலகைதான் முறியும். இழை பலகையின் ஓரத்தை விட்டு வெளியே ஓடும் துண்டானால் எவ்வளவு பொறுத்தாலும் முறியும், அதை அறுக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள்.

மேற்பலகை

ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு பாதிகளைப் புத்தகம் விரித்ததுபோல் சேர்க்க வேண்டும். இணையும் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், ஒரு முடியளவு வெளிச்சமும் தெரியக்கூடாது. ஒலித்துளை 85 மில்லிமீட்டர். அதைச் சுற்றி ரோஸெட் என்ற அலங்கார வளையம் பதிக்கும் பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டர்.

தோரஸ் 1862-இல் முதுகையும் பக்கத்தையும் அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் கட்டினார். ஒலியைத் தருவது மேற்பலகைதான் என்று காட்ட அவர் கட்டிய அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் நிலைநிறுத்திய விசிறி அமைப்பில் ஏழு மெல்லிய சட்டங்கள் ஒலித்துளைக்குக் கீழிருந்து விசிறிபோல் விரியும், அடியில் இரண்டு சாய்சட்டங்கள் அவற்றை மூடும். ஒவ்வொரு சட்டமும் 6 மில்லிமீட்டர் அகலம், 4 உயரம், இரு முனையிலும் ஒன்றுமில்லாமல் தேய்ந்து போக வேண்டும்.

பலகை நடுவில் 2.4, ஓரத்தில் 2.1 என்பது தொடக்க அளவு மட்டுமே. இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துப் பெருவிரல்களால் மெல்ல வளைத்துப் பாருங்கள். முதலில் விறைப்பாக இருக்கும். இழைக்க இழைக்க ஒரு கட்டத்தில் சட்டென்று இணங்கும். விரலால் தட்டினால் 'டக்' என்ற ஒலி 'டொம்' என்று நீளும். அங்கே நிறுத்துங்கள். ஒரு பலகை 2.5-லேயே இணங்கும், இன்னொன்று 2.0 வரை கேட்கும். அளவுகோலை மட்டும் நம்பி எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்கு இறக்குகிறவர்களின் கிட்டார் ஒன்று ஊமையாகும், இல்லையென்றால் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜுக்கு முன்னால் குழிந்துவிடும். பத்துப் பலகையை இழைத்துப் பார்த்துத்தான் இது கைக்கு வரும்.

சொலேராமேல் கட்டுதல்

சொலேரா 25 மில்லிமீட்டர் பிளைவுட். கீழ்வயிற்றுப் பகுதியில் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கிண்ணம்போல் குழித்துக்கொள்ளுங்கள், மேற்பலகைக்கு மெல்லிய குவிவு வரும். கழுத்து கிடக்கும் இடத்தை நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) முனையில் 2 மில்லிமீட்டர் தாழ இழைத்துவிடுங்கள். இதை மறந்தால் கம்பி உயரத்தைக் கடைசியில் எந்த வித்தையாலும் சரிக்கட்ட முடியாது.

கழுத்தின் குதியில், 12-ஆம் ஃபிரெட் (விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) கோட்டில், இரு பக்கமும் ஈர்வாளால் பக்கப்பலகை நுழையும் 2 மில்லிமீட்டர் காடி வெட்டுங்கள். பலகை கையால் தள்ளினால் போக வேண்டும், கொட்டாப்புளி கேட்கக் கூடாது. கழுத்தும் உடலும் தனித்தனியே செய்து பின்னால் மாட்டுவதல்ல இந்த முறை. கழுத்தைச் சுற்றியே உடல் வளர்கிறது. சட்டம் ஒட்டிய மேற்பலகையைக் குப்புற வைத்து, கழுத்தை அதன்மேல் ஒட்டி, பக்கங்களைக் காடியில் செருகி, பியோனெஸ் வரிசையை ஒட்டி முடியுங்கள். முதுகின் மூன்று சட்டங்களும் நடுவில் 3 மில்லிமீட்டர் உயர்ந்த வில்லாக இருக்கட்டும். முதுகை ஒட்டும்போது சைக்கிள் டியூபை நீள நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டுவது பத்து கிளாம்பின் வேலையைச் செய்யும்.

ஃபிரெட் அளவை எப்போதும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும். 650 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்கு முதல் ஃபிரெட் 36.5, இரண்டாவது 70.9, மூன்றாவது 103.4, ஐந்தாவது 163.1, ஏழாவது 216.2, பன்னிரண்டாவது 325. நட்டில் அகலம் 52, பன்னிரண்டில் 62. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலை 650-இல் வைக்காமல் 652-இல் வையுங்கள். கம்பியை அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறும், அந்த 2 மில்லிமீட்டர் அதை ஈடுகட்டும்.

அரக்கும் கம்பியும்

ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 240 கிராம் அரக்குச் செதில் கரைத்து, பருத்தித் துணி உருண்டையால் மெல்லிய பூச்சாக, நாளுக்கு ஐந்தாறு முறை ஏற்றுங்கள். மழை நாளில் பூசினால் பூச்சுக்குள் ஈரம் சிக்கி வெண்மூட்டம் படரும். வெயில் நாளில் வெறும் ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாகத் தடவினால் பெரும்பாலும் போய்விடும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சுருதிச் சாவியின் பல்லைத் துருவால் கடிக்கும். பித்தளைப் பல் உள்ளதாக வாங்கி, மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

பிரிட்ஜ் ஒட்டி மூன்று நாள் கழித்துக் கம்பி ஏற்றுங்கள். முதல் நாள் இரண்டு சுரம் தாழ்த்தி விட்டு, மறுநாள் முழுச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் கழித்து 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரத்தை அளந்தால் மெல்லிய கீழ்க்கம்பியில் 3, தடித்த மேற்கம்பியில் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடியிருந்தால் சாடிலின் அடியைத் தேயுங்கள். அங்கே 1 மில்லிமீட்டர் தேய்த்தால் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், அதனால் அளந்து அளந்து தேயுங்கள்.