ஐபோனில் குரோம் திறந்து பார்த்துவிட்டு “சரி” போடாதீர்கள்

போன வாரம், இணையதளங்கள் எழுதும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, தளம் எல்லா பிரவுசரிலும் ஓடுகிறதா என்ற சோதனையை முடித்துவிட்டு, “ஐபோன்லயும் பார்த்துட்டேன்ணே, அங்கயும் குரோம்லதான் திறந்தேன்” என்றார். இதே நம்பிக்கையோடு 2021-ல் நானும் ஒரு வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேஷை (பிரவுசர் சேமித்துவைத்த பழைய பக்கத்தை) அழிக்காமல் சோதிப்பது மாதிரியான சில்லறைத் தவறுகள் இரண்டு நாளில் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிட்டுப் பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐபோன் குரோமைக் குரோம் என்று நம்புவது

நம் ஊர் ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எதை நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் சொந்த பிரவுசரான சஃபாரியின் வெப்கிட் இன்ஜின்தான். இன்ஜின் என்பது பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் காட்டும் பகுதி. ஆப் ஸ்டோர் விதி அப்படி. ஆப்பிள் ஒரு வசதியை வெப்கிட்டில் சேர்க்காதவரை எந்த பிரவுசரிலும் அது வராது. கணினியில் ஒரு பிரவுசர் பின்தங்கினால் ஆட்கள் வேறொன்றுக்குப் போய்விடுவார்கள், அந்தப் பயத்திலாவது அது தரநிலைகளை, அதாவது எல்லா பிரவுசருக்கும் பொதுவான இணைய விதிகளை, சேர்க்கும். ஐபோனில் போவதற்கு வேறு இன்ஜினே கிடையாது.

எங்கள் வேலை மளிகைக் கடைகளுக்கான ஆர்டர் தளம். ஆர்டர் விழுந்ததும் கடைக்காரர் போனுக்கு நோட்டிஃபிகேஷன் போக வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில் அருமையாக வந்தது. தனி ஆப் வேண்டாம், வெப் புஷ் (இணையதளமே பிரவுசர் வழியாக அனுப்பும் நோட்டிஃபிகேஷன்) போதும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். டெமோ அன்று முதலாளி பையிலிருந்து எடுத்தது ஐபோன். வரவில்லை. “குரோம் போட்டுக்கங்க சார், வந்துடும்” என்றேன். அவரும் போட்டார். மேசை மேல் கிடந்த அந்தப் போனையே பத்து நிமிடம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை ஒளிரவே இல்லை.

எடுத்துத் திறந்தால், டெலிவரி நேரம் இருக்க வேண்டிய இடத்தில் “இன்வாலிட் டேட்”, அதாவது செல்லாத தேதி. நான் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் வெறும் இடைவெளி விட்டிருந்தேன். தரநிலைப்படி அங்கே ‘டி’ எழுத்து வர வேண்டும். குரோம் அதை அனுசரித்துப் படித்துவிட்டது, அன்றைய வெப்கிட் படிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. தனி ஆப் எழுத இரண்டரை மாதம் போயிற்று, அதற்குக் காசு கேட்க வாயில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஒரு மதியம் உட்கார்ந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம்.

குரோமுக்கு வெப் புஷ் வந்தது 2015-ல். ஐபோனுக்கு 2023 மார்ச்சில், அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 16.4-ல், அதுவும் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் மட்டும். நடுவில் 2022-ல் பிரிட்டனின் போட்டி ஆணையம் வெப்கிட் கட்டாயத்தை நேராகவே குறைசொன்னது. பெரிய டெக் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றியதும் அதே ஆண்டுதான். ஆப்பிள் வெப் புஷ்ஷைச் சேர்த்ததற்கு இந்த அழுத்தம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் காலம் பொருந்துவதை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

முன்னணி பிரவுசரே தரநிலை என்று எழுதுவது

மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) பிரவுசரின் 6-ம் பதிப்பு வந்தது 2001-ல், ஐஇ 7 வந்தது 2006-ல். பத்தில் ஒன்பது பேர் கையில் அதுவே இருந்ததால் ஐந்து வருடம் புதுப் பதிப்பே இல்லை. 2004-ல் ஃபயர்பாக்ஸ் வந்து ஆட்களை இழுத்த பிறகுதான் அசைவு தெரிந்தது. 2007 டிசம்பரில் ஓப்பரா என்ற போட்டி பிரவுசர் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த புகாரில், விண்டோஸோடு ஐஇயைக் கட்டித் தருவது மட்டுமல்ல, தரநிலைகளை மதிக்காததும் குற்றச்சாட்டாக இருந்தது. மூன்றே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் முடிவை மாற்றிக்கொண்டு, ஐஇ 8 தரநிலைப்படியே இயல்பாக இயங்கும் என்று அறிவித்தது. அதற்குள் ஐஇயை மட்டும் பார்த்து எழுதிய தளங்கள் எத்தனையோ. இன்று அந்த நாற்காலியில் இருப்பது குரோம்.

பிரவுசர் பெயரைப் பார்த்து நிரல் எழுதுவது

வேண்டாம். தேவையான வசதி அந்த பிரவுசரில் இருக்கிறதா என்று நிரலிலேயே சோதியுங்கள்.

சஃபாரியைத் திட்டிவிட்டு நகர்வது

அது எப்போதும் பின்தங்கியே இருப்பதில்லை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் ‘ஹேஸ்’ வசதி 2022 மார்ச்சில் முதலில் வந்தது சஃபாரியில்தான்.

“அதான் ஐரோப்பாவில் சட்டம் வந்துடுச்சே” என்பது

2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வேறு இன்ஜின்களுக்கு வழி திறந்தது உண்மை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்தான், இந்தியாவுக்கு இல்லை. உங்கள் தளத்தைத் திறக்கும் கடைக்காரர் இருப்பது மதுரையிலோ சேலத்திலோ. அதனால் எங்கள் சோதனைப் பட்டியலில் ஐபோன் வரிசையில் பிரவுசர் பெயரையே எடுத்துவிட்டோம். “வெப்கிட்” என்றும், பக்கத்தில் ஐஓஎஸ் பதிப்பு எண்ணும் மட்டும் எழுதுகிறோம். தம்பி நேற்று அந்த வரிசையை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.