சிங்கப்பூருக்குப் புதிதாகச் செல்லும் கொங்கு மக்களுக்கு: ஓய்வு நாளில் நூலகமும் உணவங்காடியும் பூங்காவும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ புறப்படுகிறவர்களுக்கு வேலை அனுமதி, வாடகை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் எடுத்துச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. முதல் சில மாதங்களில் பலருக்கும் ஊர் நினைப்பு அதிகமாக வருவது அந்த ஒரு நாளில்தான். அறையில் கைப்பேசியோடு படுத்துக் கிடந்தால் அந்த நினைப்பு இன்னும் கூடுமே தவிரக் குறையாது. பெரிய செலவில்லாமல் வெளியே போய்வர அந்த நகரத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன. அங்கே சில ஆண்டுகள் இருந்து திரும்பியவன் என்ற முறையில் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி கட்டுவதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும் ஆசையாகச் செய்து தரும் நாட்டுக்கோழி வறுவலையோ வேறு கறி வகையையோ எடுத்துச் செல்லாதீர்கள். இந்தியாவிலிருந்து இறைச்சியைக் கையோடு கொண்டுவர அங்கே அனுமதி இல்லை. அரைத்த மசாலாவில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது அங்கே போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. வாயில் போட்டு மெல்லும் புகையிலைப் பொட்டலங்களுக்கும் சூயிங்கத்துக்கும் தடை உண்டு. கொள்ளு, ராகி மாவு, கடலை எண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் லிட்டில் இந்தியா என்னும் இந்தியர் வட்டாரத்திலுள்ள சிராங்கூன் சாலைக் கடைகளிலேயே கிடைக்கும் என்பதால், அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவதற்கு இங்கிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. மிச்சமாகும் எடையில் இரண்டு மூன்று நல்ல புத்தகங்களை வையுங்கள். வழக்கமாகக் கொடிசியா வளாகத்தில் ஜூலையிலும் ஈரோட்டில் ஆகஸ்டிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் வாங்கி, படிக்காமல் அலமாரியில் வைத்திருப்பவையே போதும்.

அதற்கு மேல் புத்தகம் சுமக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்நாட்டின் பொது நூலகங்கள். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆகவே குடியிருப்புப் பகுதி நூலகங்களிலும் தமிழ் அடுக்கு இருக்கும். விக்டோரியா தெருவில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரவல் நூலகமும், மேல்மாடிகளில் லீ காங் சியான் ஆய்வு நூலகமும் உள்ளன. உள்ளே சென்று உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவும் மாட்டார்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினர் அட்டை தேவை. குடியுரிமைக்கும் அனுமதியின் வகைக்கும் ஏற்பக் கட்டணம் வேறுபடும் என்பதால் உங்கள் வேலை அனுமதி அட்டையைக் காட்டி முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவல் காலம் 21 நாள். ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தை வேறு எந்தக் கிளையிலும் திருப்பித் தரலாம். வேலை முடிந்து நேரம் கழித்து வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பொது விடுமுறை நாளில் நூலகம் திறக்காது. தீபாவளியன்று போய் ஏமாற வேண்டாம்.

அங்கே ஊர்ப் புத்தகத்தையே தேடிப் படிக்காமல், சிங்கப்பூர்த் தமிழர்கள் எழுதியதைப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழைத் தினமும் புரட்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஈரச்சந்தை (மீன், காய்கறிச் சந்தை), பெருவிரைவு ரயில், வெள்ளி (டாலர்), காசு என்று அந்த ஊர்த் தமிழ் தானாகப் பழகிவிடும். நாட்டின் பொன்விழா ஆண்டான 2015-இல், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவில் தொகுக்கப்பட்டன. அவற்றில் ஒரு சிறுகதைத் தொகுதியைப் படித்தவருக்கு, எதிர்வீட்டுத் தமிழ்ப் பெரியவர் ஏன் அப்படிப் பேசுகிறார், எதை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்பது புரியத் தொடங்கும். அப்படிப் புரிந்த பிறகு அவரோடு பேசுவதும் எளிது.

உணவுக்கு வருவோம். அங்குள்ள உணவங்காடி நிலையங்கள் ஒரே கூரையின்கீழ்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கடைகள் வரிசையாக அமைந்தவை. 2020-இல் இந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பலர் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் கண்டதோடு நின்றுவிடுகிறார்கள். அது நல்ல இடம்தான், ஆனால் அங்கேயே ஆண்டு முழுவதும் சாப்பிட்டால் வந்த ஊரின் ருசியே தெரியாமல் போய்விடும். கோழிச் சோற்றிலிருந்து தொடங்குங்கள். கோழி வேகவைத்த சாற்றில், இஞ்சியும் பூண்டும் சேர்த்து ஆக்கிய சோறு. நம் நாக்குக்கு முதலில் சப்பென்று தோன்றினாலும், பக்கத்தில் வைக்கும் மிளகாய்ச் சாந்தைத் தொட்டுக்கொண்டால் பிடித்துப்போகும். கொப்பரையும் தேங்காயும் போட்டுச் சமைத்துப் பழகிய கொங்கு நாட்டார்க்குத் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் நூடுல்ஸ் உணவான லக்சாவும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் அந்நியமாக இருக்காது.

காப்பிக்கு மட்டும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுத்து, நீண்ட துணிப்பையில் வடித்து, டின் பால் கலந்து தருவது அங்கத்திய ‘கோப்பி’. பால் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ’, சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. இந்த மூன்று சொற்களைத் தயங்காமல் சொல்லிவிட்டால் கடைக்கார அங்கிள் மறுமுறை உங்களை அடையாளம் வைத்துக்கொள்வார்.

சைவம் உண்பவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிப் பொரியல் போலத் தெரியும் கங்குங் கீரையில் இறால் விழுதான பெலாச்சான் இருக்கும். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். சீனக் கடை நூடுல்ஸில் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்வதுண்டு. பௌத்தச் சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை. அங்கே இறைச்சி போலவே தோற்றமளிக்கும் துண்டுகள் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஹலால் என்ற பலகையை மட்டும் பார்த்து உட்கார்ந்துவிடக் கூடாது, ‘நோ பீஃப்’ என்று சொல்லியே வாங்க வேண்டும். மேசைமேல் ஒரு டிஷ்யூப் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்துவைத்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துச் சென்று அடுக்கில் வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயமாக நடைமுறையில் உள்ளது. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். மாற்றி வைத்தால் பிறர் மனம் புண்படும்.

பூங்காக்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது பீஷான் - அங் மோ கியோ பூங்கா. காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் கால்வாயை உடைத்து, வளைந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். கல்லும் புல்லும் செடியும் சேர்ந்த கரையில் குழந்தைகள் இறங்கி விளையாடுவார்கள். அதிருஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு கரையேறி, முட்களோடு கடித்துத் தின்னும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். நொய்யலின் கரையில் வளர்ந்தவர்கள் இந்தப் பூங்காவை ஒரு முறையாவது நடந்து பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆற்றை மீட்க முடியும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து பேசும்போது அதற்கு ஒரு வலு இருக்கும். கனமழையின்போது நீர் வேகமாக ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் கரையை விட்டு மேலே வந்துவிடுங்கள்.

சூரியன் அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை ஏழு மணிக்குத்தான் உதிக்கும். கோவை ரேஸ்கோர்ஸில் ஐந்தரைக்கு நடந்து பழகியவர்கள் இருட்டில் நடக்க நேரும். பிற்பகலில் இடியும் மழையும் திடீரென்று வரும், அப்போது மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மருதமலைப் படிகளில் குரங்குக்குப் பழம் கொடுத்த பழக்கத்தை மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் காட்டாதீர்கள்; குரங்குக்கும் புறாவுக்கும் உணவிடுவது குற்றம். பூங்காவில் புகைபிடிக்கத் தடை. இரவு 10.30 முதல் காலை 7 வரை எந்தப் பொது இடத்திலும் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலை வரை தடை நீள்கிறது.

அப்பாவும் அம்மாவும் பார்க்க வரும்போது முதலில் பூமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1859-இல் தொடங்கி, 2015-இல் உலகப் பாரம்பரியத் தலமான அந்தத் தாவரவியல் பூங்காவுக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே வாசல் இருக்கிறது. காலை ஐந்து முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். அங்குள்ள பழைய தெம்புசு மரத்தின் படம் ஐந்து வெள்ளித் தாளில் இருக்கிறது. தாளை எடுத்து மரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் பெரியவர்கள் மகிழ்வார்கள். இடம் பெரியது, எனவே முட்டிவலி உள்ளவர்களை ஒரே நாளில் முழுவதும் நடக்கவிடாமல், ஒரு வாசலில் நுழைந்து ஏரிக்கரை வரை போய்விட்டு அதே வழியில் திரும்புங்கள். தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும். கட்டுச்சோறு கொண்டுபோனால் மிச்சத்தை மூடிப் பையில் வைத்துவிடுங்கள்.